கம்மல் காணாமல் போகும் வீடுகளுக்கு: அல்சைமரின் முதல் அறிகுறிகளைக் கண்டுகொள்வது எப்படி

2016 ஆடி மாதம் எங்கள் வீட்டில் ஒரு ஜோடி சிவப்புக்கல் கம்மல் காணாமல் போனது. என் மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அத்தை நேராக என்னிடம் வந்து, "ஏட்டி, எடுத்திருந்தா குடுத்துரு. யார்ட்டயும் சொல்ல மாட்டேன்" என்றார். 22 வருஷம் ஒரே அடுப்பில் சமைத்தவர்கள் நாங்கள். அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எட்டாம் நாள் கம்மல் கிடைத்தது. புளிப்பானைக்குள், கைக்குட்டையில் முடிந்து, நடுவில் செருகியிருந்தது. அத்தை அதைப் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரரிடம், "பாத்தியா, இப்பக் கொண்டுவந்து வச்சிருக்கா" என்றார்.

தெருவில் எல்லாரும் அதை மாமியார் மருமகள் சண்டை என்றார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். இரண்டு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது, அது நோய். அல்சைமர் என்ற மறதிநோய். அந்த இரண்டு வருஷமும் ஒருவரை ஒருவர் வெறுத்துக்கொண்டு ஒரே வீட்டில் இருந்தோம். அந்த நாட்கள் எனக்குத் திரும்பக் கிடைக்கப்போவதில்லை. இன்னொரு வீட்டில் அது நடக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு சின்ன ஊர் தபாலாபீஸில் 31 வருஷம் வேலை பார்த்தவள் நான். மருத்துவம் படித்ததில்லை. அத்தையோடு இருந்து கண்டதையும், பிறகு மருத்துவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும், கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்ததையும் சொல்கிறேன்.

இந்த நோயை முதலில் விவரித்த ஜெர்மானிய மருத்துவர் அலோய்ஸ் அல்சைமர். 1901 இல் பிராங்க்பர்ட் மருத்துவமனைக்கு வந்த அகஸ்ட் டெட்டர் என்ற பெண்மணியை அவர் கவனித்தார். அப்போது அந்த அம்மாவுக்கு வயது 51. அந்த அம்மாவிடம் முதலில் தெரிந்த அறிகுறிகளில் ஒன்று கணவன்மேல் சந்தேகம். பிறகு வீட்டுச் சாமான்களை இங்கும் அங்கும் கொண்டுபோய் ஒளித்து வைத்திருக்கிறார். இதைக் கேட்ட அன்று எனக்குப் புளிப்பானைதான் கண்ணுக்கு முன்னால் வந்தது. நூறு வருஷத்துக்கு முன்னால் ஜெர்மனியில் புருஷன்மேல் விழுந்த சந்தேகம், நம் வீடுகளில் மருமகள்மேல் விழுகிறது. மருமகள் இல்லாத வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் அக்காமேல் விழுகிறது.

அதனால் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். இத்தனை வருஷம் யாரையும் சந்தேகப்படாத ஒருவர் 65, 70 வயதில் திடீரெனத் திருட்டுப் பட்டம் கட்ட ஆரம்பித்தால், கோபப்படுவதற்கு முன்னால், நடப்பதை எழுதிவைக்க ஒரு நோட்டை எடுங்கள். பொருளை எங்கோ வைக்கிறார்கள். வைத்தது மூளையில் பதிவதே இல்லை. பொருள் இல்லை என்பது மட்டும் கண்ணுக்குத் தெரிகிறது. 'நான் வைக்கவில்லை, அப்படியென்றால் யாரோ எடுத்திருக்கிறார்கள்.' அவர்கள் பக்கம் நின்று பார்த்தால் இது முழுக்க நியாயமான கணக்கு.

எது சாதா மறதி, எது இல்லை

வயதானால் எல்லாருக்கும் மறக்கும். கல்யாண வீட்டில் பார்த்தவரின் பெயர் வாயில் வராது, வீடு வந்து சேர்ந்த பிறகு வரும். கண்ணாடியைத் தலையில் வைத்துக்கொண்டு தேடுவோம். இதற்கெல்லாம் பயப்பட வேண்டாம்.

எனக்குச் சொல்லித்தந்த அடையாளம் இது: ஒரு நுனியை எடுத்துக் கொடுத்துப் பாருங்கள். "நேத்து சாயங்காலம் கல்லிடைக்குறிச்சியிலேருந்து சித்தி வந்தாவல்லா, அப்பளம் கொண்டுவந்தாவளே?" சாதா மறதி என்றால், "ஆமாமா, மறந்தே போச்சு" என்று மீதியை அவர்களே சொல்வார்கள். அத்தை, "எந்தச் சித்தி? யாரும் வரலையே" என்றார். அப்பளக் கட்டு அவர் கையிலேயே இருந்தது. நுனியைக் கொடுத்தும் நூல் வரவில்லை என்றால் அங்கே நூலே இல்லை என்று அர்த்தம். புதிதாக நடப்பதைப் பதிந்துவைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியைத்தான் இந்த நோய் பெரும்பாலும் முதலில் தொடுகிறது.

இதே காரணத்தால் ஆரம்பத்தில் பழசு பெரும்பாலும் அப்படியே இருக்கும். 1992 நவம்பரில் தாமிரபரணியில் வெள்ளம் வந்தபோது எந்தப் படி வரைக்கும் தண்ணீர் ஏறியது, எந்த மாடு செத்தது, யார் வீட்டில் போய்ப் படுத்தோம் என்று அத்தை மணிக்கணக்காகச் சொல்வார். "இவ்வளவு ஞாபகம் இருக்கே, இவங்களுக்கா நோய்?" என்று கேட்காத ஆள் இல்லை. இந்தக் கேள்வியில் ஏமாறாதீர்கள். பழைய கதையைக் கேட்காமல், இன்று காலையில் என்ன பலகாரம் சாப்பிட்டார்கள் என்று பேச்சோடு பேச்சாகக் கேளுங்கள்.

இன்னொன்று, ஒருவரை அவரோடுதான் ஒப்பிட வேண்டும். பக்கத்து வீட்டுப் பாட்டி 80 வயதில் கணக்குப் போடுகிறாரா என்பதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. இந்த வேலையை இவர் ஐந்து வருஷத்துக்கு முன் எப்படிச் செய்தார், இப்போது எப்படிச் செய்கிறார்? பார்க்க வேண்டியது அதைத்தான்.

அடுப்பங்கரையில் பார்த்தது

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடிந்து மறுவீட்டுக்குச் சொதி வைப்பார்கள். அத்தையின் சொதிக்கு ஊரில் பேர் உண்டு. தேங்காயை மூன்று பாலாகப் பிழிய வேண்டும். மூன்றாம் பாலிலும் இரண்டாம் பாலிலும் காய் வேக வேண்டும். பாசிப்பருப்பு, இஞ்சி, பச்சைமிளகாய் எல்லாம் சேர்ந்த பிறகுதான் கடைசியில் முதல் பால். அதைக் கொதிக்க விடக்கூடாது. அடுப்பிலிருந்து இறக்கித்தான் எலுமிச்சம்பழம் பிழிய வேண்டும். எனக்கு இதைக் கற்றுத்தந்தவரே அத்தைதான்.

2017 தை மாதம் என் கொழுந்தனார் மகள் கல்யாணத்து மறுவீடு. காய் நறுக்கி எல்லாம் தயார். அத்தை முதல் பால் ஏனத்தைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்பு முன்னால் நின்றார். ரொம்ப நேரம் நின்றார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து மெதுவாக, "இத இப்ப விடணுமா, பொறவு விடணுமா?" என்று கேட்டார். கேட்ட குரலில் பயம் இருந்தது. நான் பாத்திரத்தை வாங்கிக்கொண்டேன். இருவரும் அதைப்பற்றிப் பேசிக்கொள்ளவில்லை.

படிப்படியாகச் செய்ய வேண்டிய வேலை குழம்புவது முக்கியமான அறிகுறி. உப்பு ஒருநாள் கூடுவது பெரிய விஷயமில்லை. நாற்பது வருஷம் செய்த சமையலில் 'அடுத்தது என்ன' என்று கை நின்றுபோனால் கவனியுங்கள். காலையில் மாவு ஆட்டிவிட்டு மத்தியானம் மறுபடி அரிசியை ஊறப்போடுவது, பால் பொங்கிக் கரியும் வாடை மூக்கில் ஏறாமல் இருப்பது, எப்போதும் போடும் நெளிக்கோலத்தைப் பாதியில் விட்டுவிட்டு வெறும் நாலு கோடு இழுத்துவிட்டு வருவது, இதெல்லாம் எங்கள் வீட்டில் நடந்தன. கோலம் விஷயத்தில் "முட்டு வலி" என்று அத்தை சொன்னார், நாங்களும் நம்பினோம்.

ஆண்களிடம் வேறு இடத்தில் தெரியும். மோட்டார் போடும் வரிசை, வண்டி ஓட்டிப் போகும் பழகிய பாதை, சீட்டு விளையாட்டில் எந்தச் சீட்டு இறங்கியது என்ற நினைவு. அவர்கள் எதில் கெட்டிக்காரரோ அங்கே பாருங்கள்.

பணம்

கவுண்டரில் இருந்ததால் இதை நான் வேறு யாரையும்விட அதிகமாகப் பார்த்திருக்கிறேன். மாத வருமானத் திட்டத்து வட்டி வாங்க ஒரு பெரியவர் வருவார். பதினைந்து வருஷமாக ஒரே கையெழுத்து, அடியில் ஒரு சுழிப்பு. ஒரு மாதம் பணம் எடுக்கும் படிவத்தில் தேதி எழுத வேண்டிய இடத்தில் பெயரை எழுதினார். அடுத்த மாதம் சுழிப்பு இல்லை. அதற்கடுத்த மாதம் காலை 11 மணிக்கு வட்டியை வாங்கிப் போனவர், மூன்று மணிக்குத் திரும்ப வந்து, "இந்த மாசம் இன்னும் வாங்கலையேம்மா" என்றார். பாஸ்புக்கைக் காட்டினேன். "நீயே எழுதி வச்சிருக்க" என்று சத்தம் போட்டார். அவர் ஒருநாளும் யாரையும் அதட்டிப் பேசாதவர்.

மற்ற அறிகுறிகள் வெளியில் தெரிவதற்கு முன்பே பணத்தைக் கையாள்வதில் தடுமாற்றம் வந்துவிடலாம். சில்லறை எண்ண வராமல், எதற்கும் பெரிய நோட்டாக நீட்டுவார்கள். அல்லது கையில் இருப்பதை மொத்தமாக நீட்டி "நீயே எடுத்துக்கோ" என்பார்கள். கரண்ட் பில் கட்டியதையே திரும்பக் கட்டப் போவார்கள், அல்லது கட்டாமல் விட்டு, கரண்ட் ஆபீஸ்காரர் வந்து ஃபியூஸைப் பிடுங்கிப் போவார். போனில் யாரோ கேட்டதும் ஓடிபி எண்ணைச் சொல்லிவிடுவார்கள்.

வெளியாட்களைக் கேளுங்கள். எங்களுக்குக் கடை அண்ணாச்சிதான் சொன்னார்: "அத்த இந்த வாரம் நாலு தடவ புளி வாங்கிட்டுப் போயிட்டாவ, வீட்ல விசேஷமா?" பழகிய ஆட்டோக்காரர், கோயிலில் பூக்கட்டும் அம்மா, பென்ஷன் வாங்கும் இடத்து ஊழியர், இவர்களெல்லாம் நாம் பார்க்காததைப் பார்க்கிறார்கள். வலிய வந்து சொல்லத் தயங்குவார்கள்.

பேச்சும் ஒளிவும்

சொல் நழுவும். அத்தைக்குச் 'செம்பு' வரவில்லை, "அந்த தண்ணி மோந்து குடிக்கது" என்றார். ஒரே கேள்வி பத்து நிமிஷத்துக்குள் மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் முதல் தடவை கேட்பது போலவே. செவ்வாயா வெள்ளியா என்பது குழம்பும். பழகிய பஸ் ஸ்டாண்டில் இறங்கிவிட்டு எந்தப் பக்கம் போவதென்று நிற்பார்கள்.

இதைவிடக் கவனித்துப் பார்க்க வேண்டியது, அவர்கள் அதை மறைக்கிற விதம். யாராவது கேள்வி கேட்டால் அத்தை உடனே என் வீட்டுக்காரர் பக்கம் தலையைத் திருப்புவார். "அவன்ட்ட கேளு, அவனுக்குத் தெரியும்." மருத்துவர்கள் இந்தத் தலைத் திருப்பலையே ஒரு அறிகுறியாகக் குறித்துக்கொள்வார்கள் என்று பிறகு அறிந்தேன். வெள்ளிக்கிழமை பஜனைக்குப் போவதை நிறுத்திக்கொண்டார். கேட்டால் தலைவலி. உண்மையில் பாட்டின் அடுத்த அடி வராமல் நாலு பேர் முன்னால் வாய் அசைக்க வெட்கப்பட்டிருக்கிறார். சோம்பல், வைராக்கியம், திமிர் என்று நாம் பெயர் வைக்கிறவற்றுக்குப் பின்னால் இந்த வெட்கம் இருக்கலாம்.

தயவுசெய்து ஒன்றைச் செய்யாதீர்கள். பரீட்சை வைக்காதீர்கள். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் "நான் யாரு, சொல்லுங்க பாப்போம்" என்று முகத்துக்கு நேரே நிற்பார்கள். ஒவ்வொரு தடவையும் அத்தை கூனிக்குறுகிப் போனதை நான் கண்டிருக்கிறேன். "அத்தை, நான் பாபநாசத்து ராணி வந்திருக்கேன்" என்று பெயரைச் சொல்லிக்கொண்டே உள்ளே வந்தால் என்ன குறைந்துவிடும்?

நோட்டு போடுவது

நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, நடந்தது, முன்பு எப்படி இருந்தது. மூன்றே விஷயம். 'எப்பவும் மறக்கிறார்' என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. என் நோட்டிலிருந்து:

2018 மார்ச் 4: குளித்துவிட்டு வந்து மறுபடி குளிக்கப் போனார். ஈரத் தலையைத் தொட்டுக்காட்டியும் நம்பவில்லை.

மார்ச் 19: மாமாவுக்குக் காபி ஆற்றி வைத்தார். மாமா இறந்து ஆறு வருஷம். நான் சொன்னதும் புதிதாகக் கேட்பதுபோல் அழுதார்.

ஏப்ரல் 2: நாள் முழுக்க நன்றாக இருந்தார். முறுக்கு சுற்றினார்.

நல்ல நாளையும் எழுத வேண்டும். அப்போதுதான் நோட்டை யாரும் குற்றப்பத்திரிகை என்று தள்ள முடியாது. மருமகள் எழுதினால் அதற்கு இன்னும் அவசியம் உண்டு. மகன்கள் ஒத்துக்கொள்ளவே மாட்டார்கள். "போன்ல நல்லாத்தானே பேசுதாவ?" என்பார்கள். போனில் நன்றாகத்தான் பேசுவார்கள். "சாப்டியா, மழை உண்டா, பிள்ளேள் சௌக்கியமா" என்ற வழக்கமான பேச்சு ரொம்ப நாள் தங்கும். அதனால் சொல்லிப் புரியவைக்கப் பார்க்காதீர்கள். வெளியூரில் இருப்பவரை வந்து நாலு நாள் தங்கச் சொல்லுங்கள். ஒரு நாள் போதாது, முதல் நாள் உற்சாகத்தில் எல்லாம் மறைந்துவிடும். என் மதினி கோயம்புத்தூரிலிருந்து வந்து தங்கினார். மூன்றாம் நாள் ராத்திரி அத்தை அவரிடமே, "நீ எப்ப வந்த?" என்று கேட்டார். மதினி அடுப்பங்கரைக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அதன் பிறகு நோட்டை யாரும் சந்தேகிக்கவில்லை.

எல்லாம் அல்சைமர் ஆகிவிடாது

இதில் அவசரப்பட்டு நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள். மறதியும் குழப்பமும் வேறு காரணத்தாலும் வரும், அவற்றில் சில சரியாகக் கூடியவை. தைராய்டு குறைவு, பி12 வைட்டமின் குறைவு, ரத்தத்தில் சோடியம் இறங்குவது, மன அழுத்தம், காது கேளாமை, தூக்க மாத்திரை, அரிப்புக்கும் சளிக்கும் போடுகிற தூக்கம் வரும் மாத்திரைகள். சில வாரங்களுக்கு முன் கீழே விழுந்து தலையில் லேசாக அடிபட்டிருந்தால்கூட உள்ளே மெல்ல ரத்தம் கட்டிக் குழப்பம் வரலாம். விழுந்ததை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். அல்சைமர் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் மெல்ல ஊர்ந்து வரும். நேற்றுவரை தெளிவாக இருந்தவர் ஒரே ராத்திரியில் பிதற்றினால், ஆளைத் தெரியாமல் போனால், வாய் கோணினால், அது வேறு. சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம், பக்கவாதமாக இருக்கலாம். அன்றைக்கே, அந்த நேரமே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மருத்துவரிடம்

முதலில் நாங்கள் காட்டிய மருத்துவர், "எழுபது வயசாச்சுல்லா, இப்படித்தான் இருக்கும்" என்று சத்து மாத்திரை எழுதிக்கொடுத்தார். ஏழு மாதம் போனது. அப்படிச் சொன்னால் எழுந்து வந்துவிடாதீர்கள். நரம்பியல் மருத்துவர், மனநல மருத்துவர், முதியோர் நல மருத்துவர், இந்த மூவரில் யாராவது ஒருவரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். மனநலம் என்றதும் பயப்பட வேண்டியதில்லை. நாங்கள் பாளையங்கோட்டையில் ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். சென்னையில் இருப்பவர்களுக்குக் கிண்டியில் 2024 இல் திறந்த தேசிய முதியோர் நல மருத்துவமனை இருக்கிறது.

கூட்டிப்போகும்போது "உங்களுக்குப் புத்தி தடுமாறுது, வாங்க" என்று சொல்லாதீர்கள். "பிபியும் சுகரும் பாத்து நாளாச்சு, அப்படியே தலைசுத்தலையும் காட்டிட்டு வருவோம்" என்றேன், அதுவும் பொய் இல்லை. நோட்டில் இருந்ததை ஒரு தாளில் சுருக்கி முன்னாலேயே நர்ஸிடம் கொடுத்துவிட்டேன். அத்தையை வைத்துக்கொண்டு அவர் செய்த பிழைகளை அடுக்குவது எனக்கு முடியாத காரியம். சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும், நாட்டு மருந்து உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். காது மெஷின், கண்ணாடி இருந்தால் மறக்காதீர்கள். கேள்வி காதில் விழாமல் பதில் தப்பினால் அது மறதிக் கணக்கில் சேர்ந்துவிடும்.

மூன்று சொல் சொல்லிச் சற்றுப் பொறுத்துத் திரும்பக் கேட்பார்கள். என்ன கிழமை, எந்த ஊர் என்பார்கள். கடிகாரம் வரைந்து முள் போடச் சொல்வார்கள். அத்தை பன்னிரண்டு எண்ணையும் வட்டத்தின் ஒரே பக்கத்தில் எழுதினார். படிக்காதவர்களுக்கு வேறு விதமான கேள்விகள் உண்டு. பிறகு ரத்தப் பரிசோதனை, ஸ்கேன்.

நோய் என்று தெரிந்து என்ன ஆகப்போகிறது, குணமாக்கும் மருந்துதான் இல்லையே என்று பலர் கேட்கிறார்கள். டோனெபிசில் போன்ற மாத்திரைகள் சிலருக்கு அறிகுறிகளைக் கொஞ்ச காலம் தாங்கிப் பிடிக்கும். 2023 இல் அமெரிக்காவில் முழு அனுமதி பெற்ற லெகனமாப் போன்ற ஊசிகள் ஆரம்பக் கட்டத்தில் இருப்பவர்களுக்கு மட்டும்தான். இதைவிடப் பெரியது ஒன்று உண்டு. அவர்கள் மனசு தெளிவாக இருக்கும்போதே அவர்களைக் கேட்டுச் செய்ய வேண்டியவை இருக்கின்றன. கணக்குகளுக்கு நாமினி போடுங்கள். வங்கிச் சேமிப்புக் கணக்கைக் கூட்டுக் கணக்காக மாற்றுங்கள். உயில் எழுத நினைத்தால் இப்போதே எழுதச் சொல்லுங்கள். பவர் பத்திரம் இருக்கிறது என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள், எழுதிக் கொடுத்தவருக்குச் சித்த சுவாதீனம் போய்விட்டால் அந்தப் பவர் செல்லாது. கவுண்டருக்கு வந்து இதைக் கேட்டுத் திகைத்து நின்ற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

யாரிடம் கேட்பதென்று தெரியாதவர்கள் 14567 என்ற முதியோர் உதவி எண்ணைக் கூப்பிடலாம். 14416 மனநல உதவி எண், பராமரிப்பவர்களும் பேசலாம். தமிழிலேயே பேசுவார்கள். இந்தியாவில் 60 வயது தாண்டியவர்களில் ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு அல்சைமர் உட்பட ஏதோ ஒரு வகை மறதிநோய் இருப்பதாக 2023 இல் வந்த ஆய்வு கணக்கிட்டது. உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார்.

2018 ஆவணியில் நோயின் பெயர் தெரிந்த பிறகு, பொருள் காணவில்லை என்று அத்தை சத்தம் போட்டால் நான் மறுத்துப் பேசுவதை விட்டுவிட்டேன். "வாங்க அத்தை, சேர்ந்து தேடுவோம்" என்று கையைப் பிடித்துக்கொள்வேன். கிடைத்ததும் "இந்தா இருக்கு" என்று மட்டும் சொல்வேன், யார் வைத்தது என்று சொல்வதில்லை. ஒளித்து வைக்கிற இடங்கள் ஆளுக்கு ஆள் வேறுபடும், ஆனால் ஒருவருக்குப் பெரும்பாலும் அதே இடங்கள்தான். நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவற்றை எழுதிவைத்தேன், நான் வேலைக்குப் போன நேரம் வீட்டில் இருப்பவர்கள் பார்த்துக்கொள்ள: புளிப்பானை, தலையணை உறை, அரிசி டிரம், முருகர் படத்துக்குப் பின்னால்.